இரண்டு ஆறுகள் கூடும் பூங்காவை முழுதாகப் பார்த்துவிட்டு வர ஒரு வழிகாட்டி

ஆறுகள் கூடும் இடத்துப் பூங்காவுக்கு முதல் தடவை போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் செய்கிறார்கள். வாசலில் இறங்கி, இரண்டு ஆறும் சேருகிற முனைக்கு நேராக நடக்கிறார்கள், நாலு படம் எடுக்கிறார்கள், "இவ்வளவுதானா?" என்று திரும்பிவிடுகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் போய் இருபது நிமிடத்தில் திரும்பினேன். கண்ணுக்குத் தெரிந்தது அகலமான தண்ணீர். அதில் எது எந்த ஆறு என்று யாராவது கேட்டிருந்தால் என்னால் கைகாட்டியிருக்க முடியாது.

இரண்டாம் தடவை போனபோது முனைக்குப் போகும் பாதையில் ஏதோ வேலை நடந்து, மதியம் வரை அடைத்து வைத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் ஒரு ஆற்றங்கரையோடு மேல்நோக்கி நடந்தேன். அப்புறம் குறுக்கே வந்து மற்ற ஆற்றங்கரையில் நடந்தேன். பாதை திறந்ததும் முனைக்குப் போய் நின்றால், அதே தண்ணீர் வேறாகத் தெரிந்தது. இடப்பக்கம் வருவது இது, வலப்பக்கம் வருவது அது என்று முகம் தெரிந்த இருவரைப் பார்ப்பதுபோல இருந்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: முனையைக் கடைசியில் பாருங்கள். முதலில் ஒரு ஆறு, பிறகு மற்றது, அதன் பிறகு முனை, அங்கிருந்து கீழே. இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது.

எப்போது போவது

கூடுகிற இரண்டு ஆறுகளுக்கும் பருவம் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒன்று பனிமலையிலிருந்து வரும், இன்னொன்று மழையை நம்பி இருக்கும். ஒன்றில் அணை இருக்கும், மற்றதில் இருக்காது. ஜெனீவாவில் ரோன் ஆறும் ஆர்வ் ஆறும் கூடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். ரோன் பெரிய ஏரி ஒன்றைக் கடந்து வருகிறது. கொண்டுவந்த வண்டலை எல்லாம் ஏரியிலேயே விட்டுவிடுவதால் நீலமாகத் தெளிந்திருக்கும். ஆர்வ், மோன் பிளாங்க் மலையின் பனியாறுகளிலிருந்து வரும் உருகுநீர். பனி அரைத்த பாறைத்தூள் கலந்து சாம்பல் வெளுப்பாக வரும். கோடையில் பனி உருகும்போதுதான் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

ஆக, நீங்கள் தேட வேண்டியது ஒரு ஆறு கலங்கியும் மற்றது தெளிந்தும் இருக்கிற நாட்களை. இரண்டிலும் வெள்ளம் என்றால் எல்லாம் ஒரே செம்மண் நிறம்தான், ஆபத்தும் அதிகம். இரண்டும் வற்றிக் கிடந்தால் இரண்டு தண்ணீருக்கும் நடுவே தெரிகிற கோடு மங்கிவிடும். ஒரு ஆற்றின் மேல்பகுதியில் மட்டும் மழை பெய்து, அந்த வெள்ளம் நன்றாக வடிந்து, நீர்மட்டம் வழக்கத்துக்கு வந்துவிட்ட நாட்கள் மிக நல்லவை. நிறம் அப்போதும் மிச்சமிருக்கும்.

நேரத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். சூரியன் தாழ்வாக, எதிரே இருந்தால் தண்ணீர் முழுவதும் கண்ணாடி மாதிரி மின்னும்; நிறம் தெரியாது. செயற்கைக்கோள் வரைபடத்தில் முனை எந்தத் திசையைப் பார்த்து நீண்டிருக்கிறது என்று முதலிலேயே பாருங்கள். மேற்கே பார்க்கிற முனைக்குக் காலையிலும், கிழக்கே பார்க்கிற முனைக்குப் பிற்பகலிலும் போனால் வெயில் முதுகுப்பக்கம் இருக்கும். சூரியன் மறையும் நேரம் உட்கார்ந்திருக்க அருமையானது. ஆனால் ஆறுகள் கூடுவதைப் பார்க்க அது நேரமில்லை.

முந்தின நாள் செய்ய வேண்டியது

உங்கள் ஊரில் வானம் எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பயனில்லை. இரண்டு ஆறுகளின் மேல்பகுதியிலும் மழை உண்டா, அணை இருந்தால் தண்ணீர் திறக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். பலர் பெயர் தெரிந்த பெரிய ஆற்றை மட்டும் விசாரித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். மேலே பெய்த மழை வந்து சேரச் சில மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். கூடும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே நீர்மட்டம் ஏறும்.

இன்னொன்றும் நடக்கும். பெரிய ஆற்றில் வெள்ளம் வந்தால் அது சின்ன ஆற்றின் வாயை அடைத்துவிடும். சின்ன ஆறு போக வழியில்லாமல் பின்வாங்கி, ஏரி மாதிரி அசையாமல் உயர்ந்து நிற்கும். பார்க்கிறவருக்கு "இந்தப் பக்கம் அமைதியாகத்தானே இருக்கிறது" என்று தோன்றும். அது அடைபட்டு நிற்கிற தண்ணீர். பெரிய ஆறு இறங்கியதும் இதுவும் இறங்கும். போகும்போது படிகளில் வழுவழுவென்று சேற்றை விட்டுவிட்டுப் போகும். வெள்ளம் வடிந்த மறுநாள் கரைப்படிகளில் வழுக்கி விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தச் சேறுதான்.

பூங்காவின் திறப்பு நேரத்தையும், ஆற்றோரத்துக் கீழ்ப்பாதை திறந்திருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பூங்காக்களில் பலவற்றில் கீழ்ப்பாதை தண்ணீர் ஏறினால் முழுகட்டும் என்றே கட்டப்பட்டிருக்கும்.

என்ன எடுத்துப்போவது

அடியில் பிடிமானம் உள்ள காலணி, தொப்பி, குடிநீர். இவை எல்லாருக்கும் தெரிந்தவை. இவற்றோடு மூன்று பொருட்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன்.

முதலாவது போலராய்டு குளிர்கண்ணாடி. தண்ணீர் மேல் படும் பளபளப்பை அது வெட்டிவிடும். நேர் கீழே பார்க்கும்போதோ தூரத்தில் பார்க்கும்போதோ அல்ல, நடுத்தரச் சரிவில் பார்க்கும்போதுதான் அதிகம் வெட்டும். அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால் கலங்கல் எங்கே தொடங்குகிறது என்பது துல்லியமாகத் தெரியும். இரண்டாவது, பறவை பார்க்கும் இருகண்நோக்கி, சின்னது போதும். மூன்றாவது, ஒரே அளவில் இரண்டு கண்ணாடி பாட்டில், கூடவே பெயர் எழுதி ஒட்ட இரண்டு துண்டு காகிதம். பாட்டில் எதற்கு என்று கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

உள்ளே நுழைந்ததும்

நேராக நடக்கத் தொடங்காமல் பத்து நிமிடம் வாசலருகிலேயே செலவழியுங்கள். முதலில் மேட்டுக்குப் போகும் பாதை எது என்று கண்டுகொள்ளுங்கள். தண்ணீர் ஏறினால் எல்லாரும் வந்த வழியாகவே ஓடுவார்கள். அந்த வழி தாழ்வாக இருக்கலாம். அபாயச் சங்கு ஒலித்தால் என்ன செய்யவேண்டும் என்று பலகை இருந்தால் படித்துவிடுங்கள்.

அப்புறம் வெள்ளக் குறிகளைத் தேடுங்கள். பழைய கட்டடச் சுவர், பாலத்தூண், கல்தூண் என்று எங்காவது கோடு போட்டு ஆண்டு எழுதியிருப்பார்கள். ஜெர்மனியில் பாஸாவ் நகரத்தில் டான்யூப், இன், இல்ஸ் மூன்றும் கூடுகின்றன. அங்கே பழைய நகரமன்றக் கட்டடத்தின் சுவரில் நூற்றாண்டுகளின் வெள்ளம் வரிசையாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. 2013 ஜூனில் அங்கே தண்ணீர் 12.89 மீட்டரைத் தொட்டது. 1501க்குப் பிறகு அவ்வளவு உயரம் வந்ததில்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் அலெகெனியும் மொனோங்கஹேலாவும் கூடி ஒஹையோவாகப் புறப்படும் முனையில் 1936 மார்ச்சில் 46 அடி வந்தது. 25 அடியைத்தான் அங்கே வெள்ள அளவு என்கிறார்கள். இப்படி ஒரு கோட்டின் கீழே நின்று தலையை அண்ணாந்து பார்த்துவிட்டு நடந்தால், ஆற்றின் மேல் ஒரு மரியாதை வந்துவிடும். இந்த நிலம் ஏன் வீடாகாமல் பூங்காவாக இருக்கிறது என்பதும் பாதி புரிந்துவிடும்.

முதலில் ஒரு ஆறு, பிறகு மற்றது

சின்ன ஆற்றிலிருந்து தொடங்குங்கள். கூடும் முனையிலிருந்து குறைந்தது அரை கிலோமீட்டராவது மேலே போய்விட வேண்டும். முனைக்குப் பக்கத்தில் ஒரு ஆற்றின் போக்கை மற்றது மாற்றிவிடுகிறது. தனி முகம் தெரியாது.

போய்ச் சேர்ந்ததும் சும்மா ஐந்து நிமிடம் நில்லுங்கள். நிறம், வாசனை, சத்தம், கரை மண்ணா கல்லா மணலா என்று பாருங்கள். பிறகு வேகத்தை அளந்து பாருங்கள். கரையோடு பத்து மீட்டர் அளந்து இரண்டு கல் வையுங்கள். கொஞ்சம் மேலே ஒரு காய்ந்த இலையைப் போட்டு, அது முதல் கல்லிலிருந்து இரண்டாம் கல்லுக்கு வர எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். இருபது வினாடி என்றால் வினாடிக்கு அரை மீட்டர், மணிக்கு 1.8 கிலோமீட்டர். ஒரு தடவை போதாது. மூன்று தடவை போட்டு சராசரி எடுங்கள். கரையோரத்தில் ஓட்டம் மெதுவாக இருக்கும், நடுவில் இதைவிட வேகம். குழந்தைகள் இருந்தால் கல் வைப்பதையும் எண்ணுவதையும் அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். இலையைப் போடுவது மட்டும் பெரியவர் வேலையாக இருக்கட்டும்.

இப்போது பாட்டில். கைப்பிடியோடு கட்டிய படித்துறை இருந்தால் மட்டும், கடைசிப் படிக்கு மேல்படியில் உட்கார்ந்து ஒரு பாட்டில் மொண்டுகொள்ளுங்கள். அப்படி ஒரு இடம் இல்லையென்றால் இந்த வேலையை விட்டுவிடலாம். அதற்காகச் சரிவில் இறங்க வேண்டாம். மூடி, பெயர் ஒட்டி, கையில் பிடித்துப் பாருங்கள். பிறகு மற்ற ஆற்றுக்குப் போய் இதையெல்லாம் அதே வரிசையில் திரும்பச் செய்யுங்கள்.

இரண்டு பாட்டிலும் கைக்கு வந்ததும் இரண்டு உள்ளங்கையிலும் ஒவ்வொன்றைப் பிடித்துப் பாருங்கள். ஒன்று மற்றதைவிடக் குளிர்ந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். ஆற்றில் பழுப்பாகத் தெரிந்தது பாட்டிலில் வெறும் மங்கலாக இருக்கும். கறுப்பாகத் தெரிந்த ஆறு பாட்டிலில் தேநீர் வடிநீர் போலத் தெளிந்து நிற்கவும்கூடும். காட்டு இலைகளும் சதுப்பும் ஊறி வந்த சாயம் அது. அந்த நிறம் அடியில் படியாது. வண்டலால் வந்த நிறம் படியும். இரண்டையும் ஆடாத இடத்தில் நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போன பிறகும் வேலை இருக்கிறது.

முனையில்

சரி, இப்போது முனைக்குப் போகலாம். ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

முதலில் கோட்டைத் தேடுங்கள். நிறம் வேறாக இருந்தால் எளிது. ஒரே நிறம் என்றால் நுரையைப் பாருங்கள்; சருகும் குச்சியும் நுரையும் ஒரு கயிறுபோல வரிசையாகச் சேர்ந்து மிதந்துபோகும் இடம்தான் கோடு. அது நேர்க்கோடாக இருக்காது. ஒரு பக்கத்துத் தண்ணீர் மற்றதற்குள் கொக்கி போல வளைந்து நுழையும், சுருண்டுகொள்ளும், அறுந்து தனியாக மிதந்துபோகும். அடுத்த நிமிடம் அதே இடத்தில் இன்னொரு கொக்கி முளைக்கும். வேகமாக ஓடும் நீரும் மெதுவாக ஓடும் நீரும் உரசுகிற இடத்தில் இந்தச் சுருள்கள் ஓயாமல் பிறந்துகொண்டே இருக்கின்றன. ஒரே ஒரு சருகைக் குறிவைத்துக் கண்ணாலேயே தொடருங்கள். கோட்டின் மேல் ஏறும், ஒரு சுற்றுச் சுற்றும், நிற்கும், திடீரென்று இழுபட்டு வேகமான பக்கத்துக்குப் போய்விடும்.

கோட்டுக்குக் கீழே, தண்ணீர் அடியிலிருந்து பொங்கி வழவழப்பான வட்டமாக மேலே விரியும் இடங்களும் இருக்கும். அடியோட்டம் மேலே வருகிற இடம் அது. அதோடு சேறும் மேலே வந்து, தெளிந்த பக்கத்தில் திடீரென்று ஒரு பழுப்பு வட்டம் விரியும். பார்க்கப் பார்க்கச் சலிக்காத காட்சி.

கலக்க இவ்வளவு தூரம் ஏன் ஆகிறது என்று கேட்பார்கள். வேகம் வேறு, வெப்பம் வேறு, சுமந்துவரும் வண்டலின் அளவு வேறு. அதனால் அடர்த்தியும் வேறு. பிரேசிலின் மனாவுஸ் அருகே கறுப்பு ரியோ நெக்ரோவும் மணல்நிற சோலிமோயஸும் ஏறக்குறைய 6 கிலோமீட்டர் ஒட்டிக்கொண்டே ஓடி அதன் பிறகுதான் கலக்கின்றன. சின்ன ஆறுகளில் சில நூறு மீட்டரிலேயே முடிந்துவிடும்.

முனைக்கு நேர் முன்னால் தண்ணீர் ஏறக்குறைய நின்றுவிடுவதைப் பார்ப்பீர்கள். இரண்டு ஓட்டமும் விலகிப்போகும் மூலை அது. இப்படி மெதுவான நீர் வேகமான நீரை ஒட்டிக் கிடக்கிற இடங்களில்தான் மீன் காத்திருக்கும். ஓட்டம் கொண்டுவருகிற இரையை அதிகம் அலையாமல் பிடித்துக்கொள்ளலாம் இல்லையா? மீன் இருந்தால் நீர்க்காகம், மீன்கொத்தி, நாரை எல்லாம் வரும். இருகண்நோக்கியை ஆற்றின் நடுவே திருப்புவதைவிடக் கோட்டை ஒட்டித் திருப்புங்கள்.

இங்கே நிற்கும்போது எனக்கு எப்போதும் வருகிற ஒரு யோசனை. கூடிய பிறகு ஆற்றுக்கு எந்தப் பெயர் வைப்பது என்பதைத் தண்ணீர் முடிவுசெய்வதில்லை. பாஸாவில் டான்யூபைவிட இன் ஆறு சராசரியில் அதிகத் தண்ணீர் கொண்டுவருகிறது. கீழே போவது டான்யூப்தான். அமெரிக்காவின் கெய்ரோ முனையிலும் மிசிசிப்பியைவிட ஒஹையோதான் பெரிது. பெயர் மிசிசிப்பிக்குப் போனது. நீங்கள் பார்க்கிற முனையில் எந்த ஆறு பெயரை இழக்கிறது, உண்மையில் அது சின்னதுதானா என்று இலை வேகத்தையும் அகலத்தையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இங்கே மட்டும் இறங்காதீர்கள்

இதைத் தள்ளிவிட்டுப் படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆற்றில் குளிக்கத் தெரிந்தவர்களும் ஏமாறும் இடம் கூடும் முனை. முனையை ஒட்டித் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும், முழங்கால் ஆழம்தான் தெரியும், அடியில் மணல் மெத்தென்று இருக்கும். ஆனால் இரண்டு ஓட்டமும் மோதுகிற நடுவில் ஆறு தன் அடியையே தோண்டி வைத்திருக்கும். அந்தப் பள்ளம் மேலே உள்ள இரண்டு ஆற்றின் ஆழத்தையும்விட அதிகம் இருப்பது வழக்கம். அதன் விளிம்பு மணல்; காலை வைத்தால் சரியும். அமைதியான தண்ணீரிலிருந்து மிக வேகமான தண்ணீருக்குச் சில அடிகள்தான் தூரம்.

வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. அதனால்தான் வேகமாக ஓடும் 15 செ.மீ. தண்ணீர்கூட வளர்ந்த ஆளைத் தள்ளிவிடும், 30 செ.மீ. சின்னக் காரை மிதக்கவிட்டுவிடும். பாசி பிடித்த பாறையும் கடைசிப் படியும் கரை என்று நினைக்க வேண்டாம். அவை தண்ணீரின் பகுதி. சின்னக் குழந்தைகளைக் கை எட்டும் தூரத்தைவிட்டு விடாதீர்கள். கண் எட்டும் தூரம் போதாது.

யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். உதவிக்குக் கூப்பிடச் சொல்லிவிட்டு, உயிர்மிதவை, கயிறு, மூடிய காலிக் குடம், கழி என்று மிதப்பதையோ நீள்வதையோ கொடுங்கள். முனையில் நின்று எறிவதைவிட, ஓடும் திசையில் கீழே ஓடி அங்கிருந்து எறிந்தால்தான் கைக்குக் கிடைக்கும். பாதுகாப்பு மிதவை எங்கே தொங்குகிறது என்று நடக்கும்போதே பார்த்து வைத்திருந்தால் அந்த நேரத்தில் தேட வேண்டியிராது.

தெளிந்திருந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, பச்சை இலையும் கிளையும் மிதந்துவர ஆரம்பித்தாலோ, சற்று முன் ஈரமில்லாத கல் நனைந்தாலோ எழுந்து மேட்டுக்குப் போய்விடுங்கள். இடி மின்னலிலும் முனை மோசமான இடம், வெட்டவெளி. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் நல்ல கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ போய், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள்.

கீழே கொஞ்சம், மேலே கொஞ்சம்

முனையிலிருந்து கூடிய ஆற்றின் கரையோடு ஓட்டத்தின் திசையில் நடந்து, கோடு எங்கே கரைகிறது என்று பாருங்கள். பக்கவாட்டில் வந்து சேரும் ஆற்றின் பக்கத்துக் கரையில், கூடியதும் சற்றுக் கீழே ஓட்டம் கரையைவிட்டு விலகிப்போகும். அந்த நிழலில் தண்ணீர் பின்னோக்கிச் சுற்றும்; மணல்திட்டு சேரும். பறவைகள் இளைப்பாறுவது பெரும்பாலும் அந்தத் திட்டில்தான்.

கடைசியாக உயரம். கரையிலிருந்து பார்ப்பது பாதிதான். பாலம், குன்று, கோட்டை என்று ஏதாவது பக்கத்தில் இருக்கும். ரைனும் மோசெலும் கூடும் கோப்லென்ஸுக்குப் பெயரே லத்தீனில் 'கூடுமிடம்' என்பதிலிருந்து வந்தது. அங்கே எதிர்க்கரையின் ஏரன்பிரைட்ஸ்டைன் கோட்டைக்குக் கம்பிவட ஊர்தியில் போகலாம். பெல்கிரேடில் சாவாவும் டான்யூபும் கூடுவதைக் காலெமெக்தான் மேட்டிலிருந்து பார்க்கிறார்கள். பிட்ஸ்பர்க்கில் மவுன்ட் வாஷிங்டன் சரிவில் ஏறும் இழுவை ரயில்கள் 1870லும் 1877லும் தொடங்கி இன்றும் ஓடுகின்றன. ஜெனீவாவில் ஒரு ரயில்பாலத்தின் நடைபாதையே பார்வைமேடை. முனையைப் பார்த்த பிறகு மேலே போனால், கீழே நின்று கண்ட ஒவ்வொரு சுருளையும் அடையாளம் சொல்ல முடியும். வரிசை மாறினால் வெறும் அழகான படம்தான் கிடைக்கும். நல்ல படம் வேண்டும் என்றாலும் இங்கிருந்தே எடுங்கள்; கரையிலிருந்து எடுக்கும் படத்தில் கோடு நசுங்கிவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

இரண்டு பாட்டிலையும் ஜன்னலோரம் அருகருகே வைத்து அசைக்காமல் விடுங்கள். வைப்பதற்கு முன் ஒரே ஒரு தடவை நன்றாகக் குலுக்குங்கள். 0.1 மில்லிமீட்டர் அளவுள்ள மெல்லிய மணல் 10 சென்டிமீட்டர் இறங்கப் பத்துப் பன்னிரண்டு வினாடி போதும். அதில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள வண்டலுக்கு ஏறக்குறைய இருபது நிமிடம். அதிலும் பத்தில் ஒரு பங்கான களிமண் துகளுக்கு முப்பது மணி நேரம். துகள் பத்து மடங்கு சிறுத்தால் இறங்கும் நேரம் நூறு மடங்காகிறது. மறுநாள் காலையில் ஒரு பாட்டிலின் அடியில் மெல்லிய படலமாகச் சேறு உட்கார்ந்து மேலே தண்ணீர் தெளிந்திருக்கலாம். மற்றது இன்னும் மங்கலாகவே நிற்கலாம். பெயர் ஒட்டிய காகிதத்தைப் பார்த்து, எது எந்த ஆறு என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.